கைப்பிடி இல்லாத கதவுகள்

அந்தப் பகுதியில் அவளுக்கு ‘ஒழிச்சல் டீச்சர்’ என்று பெயர். காலையில் யோகா சொல்லிக்கொடுப்பாள். மற்ற நேரத்தில் அடுத்தவர் வீட்டுக்குள் புகுந்து, இருக்கிற சாமானில் பாதியை வெளியே ஒழித்துப் போட்டுவிட்டு, மீதியை ஒழுங்காக வைத்துக் கொடுப்பாள். இரண்டும் ஒரே வேலைதான் என்பது அவள் கட்சி. உடம்பில் வேண்டாத இறுக்கம் போனால் மூச்சு நேராகும், வீட்டில் வேண்டாத சாமான் போனால் ஆள் நேராவான் என்பாள். அவளுடைய விசிட்டிங் கார்டில் ‘வீட்டு உள் அலங்காரம்’ என்று அச்சடித்திருந்தது. அவள் எதையும் அலங்கரித்து யாரும் பார்த்ததில்லை, எடுத்ததைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரி. ஒரு வீட்டில் மாமியாரும் மருமகளும் பொழுது விடிந்தால் முட்டிக்கொண்டிருந்தார்கள். இவள் போய்ப் பார்த்தாள். சமையலறையில் ஒரு பழைய அலமாரி, இரண்டு பேர் நிற்க வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. அதை எடுத்தாள். சண்டை பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதிக்கு அவள் பொறுப்பில்லை.

அவளுடைய பெருமையெல்லாம் கதவில்தான். கைப்பிடியும் கிடையாது, தாழ்ப்பாளும் வெளியே தெரியாது. சுவரோடு சுவராக அதே வெள்ளை நிறத்தில், ஒரு மயிரிழைக் கோடு மட்டும் தெரியும்படி தச்சர் இழைத்துக் கொடுப்பார். சரியான ஓரத்தில் விரலை வைத்து லேசாக அழுத்தினால் கதவு தானாக முன்னால் வரும். முதல் தடவை வருகிறவர்கள் சுவரைத் தடவித் தடவிச் சிரிப்பார்கள். “கண்ணுக்கு ஓய்வு வேணும். கைப்பிடி, பூட்டு, கொக்கின்னு கண்ணு எத்தன எடத்துலதான் முட்டிக்கும்?” என்று அவள் விளக்கம் சொல்வாள். அவர்களும் தலையை ஆட்டுவார்கள்.

ஆனால் ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையடி பெண்ணே என்கிற கதையாக, அவளுடைய சொந்த வீடு ஒரு பழைய இரும்புக் கடை மாதிரி இருந்தது. காரணம் அவள் கணவர். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கழற்றிய எதையும் தூக்கிப் போட்டறியாத மனுஷன். பிஸ்கட் டப்பா நிறைய ஸ்பிரிங், பால் பவுடர் டப்பா நிறைய திருகாணி, கட்டிலுக்கு அடியில் கம்பிச் சுருள். இடித்துத் தள்ளிய ஒரு கட்டடத்து லிஃப்டிலிருந்து பித்தளைப் பொத்தான் ஒன்றைக் கொண்டுவந்து, குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் பதித்து, அதையே விளக்கு சுவிட்சாக்கி வைத்திருந்தார். அவள் உள்ளே போகும்போதெல்லாம் நாற்காலியில் இருந்தபடியே, “எத்தனாவது மாடிம்மா?” என்று கேட்பார். கல்யாணமான புதிதில் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. பிறகு, சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

பிள்ளைகள் இல்லை. அந்தக் குறையை இருவரும் எப்போதோ பேசி முடித்துவிட்டார்கள். அவள் முன் அறையில் பாய் விரித்து வகுப்பு நடத்துவாள். அவர் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு டப்பாக்களை உருட்டுவார். “உங்க ஆளுக்கு மட்டும் ஒழிச்சல் கெடயாதா டீச்சர்?” என்று மாணவிகள் கிண்டல் செய்வார்கள். “அவர ஒழிச்சா நான் எங்க போறது?” என்பாள்.

ஒரு நாள் அவர் குளியலறைக்குப் போகிற வழியில் நின்று, “நம்ம வீடு எத்தனாவது மாடி?” என்று கேட்டார். அவர்கள் இருந்தது தரைத்தளம். வழக்கமான வேடிக்கை என்று அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு எல்லாம் சரிவுதான். பேர் போயிற்று, கிழமை போயிற்று, சாப்பிட்டதும் சாப்பிடாததும் போயிற்று. டாக்டர் படமெடுத்துப் பார்த்துவிட்டு, இது மாத்திரைக்குக் கட்டுப்படுகிற மறதி இல்லை, மெதுவாகத்தான் போகும் ஆனால் திரும்பாது என்றார். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“கடைசி வரைக்கும் அவர வீட்டுலயே வெச்சுப் பாத்துக்க முடியுமா டாக்டர்?”

“பாத்துக்கலாம். வீட்ட மட்டும் கொஞ்சம் எளிமையா வெச்சுக்குங்க. கால் தடுக்கற சாமானெல்லாம் வேணாம். குழப்பம் கம்மியா இருந்தா அவருக்கு நல்லது.”

எளிமை. அந்தச் சொல்லை அவளிடமா சொல்வது? பழம் நழுவிப் பாலில் விழுந்தது. டாக்டர் சொன்னது கம்பிச் சுருளையும் கால் தடுக்குகிற ஸ்டூலையும். அவள் எடுத்துக்கொண்டது, வாழ்நாள் முழுக்கத் தான் சொல்லிவந்ததற்கு ஒரு படித்த மனுஷர் போட்ட கையெழுத்தை. கணவர் தன் வீட்டில், தன் பராமரிப்பில், கடைசி வரை இருக்க வேண்டும். அதற்காக என்ன வேண்டுமானாலும் செய்வேன் என்று ஆட்டோவில் வரும்போதே முடிவு கட்டினாள். அதில் பொய் இல்லை. இத்தனை வருஷம் கை அரித்துக்கொண்டே இருந்தது என்பதும் பொய் இல்லை.

ஒழிச்சல் வேலை முடிகிற வரை அவரைக் கொண்டுபோய் அவருடைய அக்கா வீட்டில் விட்டாள். கடைத்தெருவுக்கு அந்தப் பக்கம், மாடியில் இரண்டே அறை. அக்கா தனிக்கட்டை. நாத்தனார் என்றால் நெருப்பை அள்ளிக் கொட்டுகிறவள் என்று நினைக்க வேண்டாம். வாய் கொஞ்சம் நீளமே தவிர, மனசு அதைவிட நீளம்.

“எல்லாத்தயும் தூக்கிப் போட்டுடாதம்மா. அவன் கைக்கு ஏதாச்சும் வேணும்” என்றாள் அக்கா.

“உங்க தம்பிக்காகத்தான் அண்ணி செய்யறேன்.”

“சரி, எனக்கென்ன தெரியும். நீதான் ஊருக்கே வீடு ஒழிச்சுக் குடுக்கறவ.”

தச்சர் வந்தார், பெயின்டர் வந்தார், பழைய சாமான்காரன் வண்டியோடு வந்தான். டப்பாக்கள் போயின. அவர் உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளமாகிப்போன பிரம்பு நாற்காலி போயிற்று. வாசல் பக்கம் அவர் பை மாட்டுகிற ஆணி, துண்டு போடுகிற கொடி, வழியில் கை வைத்துத் திரும்புகிற மர பீரோ, பித்தளைப் பொத்தான், எல்லாம் போயின. எல்லாக் கதவுகளும் சுவருக்குள் மறைந்தன. வேலை முடிந்த அன்று அவள் நடுவீட்டில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். கண் எங்கும் முட்டவில்லை. அவள் செய்ததிலேயே மிக அழகான வீடு அதுதான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

அவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றினார். வைக்கிற இடம் தெரியாமல் கையில் எடுத்துக்கொண்டார். உள்ளே வந்து மேலும் கீழும் பார்த்தார்.

“ரொம்ப நல்லா இருக்கு. யார் வீடு இது?”

அதைப் பாராட்டு என்றே அவள் எடுத்துக்கொண்டாள். புது நாற்காலியில் உட்காரச் சொன்னபோது அவர் நுனியில் உட்கார்ந்தார். செருப்பு மடியில் இருந்தது. காபி கொடுத்தாள். “எதுக்குங்க உங்களுக்குச் சிரமம்” என்றார். இத்தனை வருஷத்தில் அவர் அவளை நீ, வா, போ என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். புது இடம் பழகச் சில நாள் ஆகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பழகவில்லை. அவர் வீட்டுக்குள் நடப்பதே மாறிப்போயிற்று. முன்பெல்லாம் பேச்சுப் பேசிக்கொண்டே பீரோவில் ஒரு கை, நாற்காலி முதுகில் ஒரு கை வைத்து மீன் மாதிரி போய்வருவார். இப்போது இரண்டு உள்ளங்கையையும் சுவரில் பதித்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக, ஏதோ விளிம்பில் நடக்கிறவர் மாதிரி நடந்தார். அவள் தன் வகுப்பில் ஒற்றைக்காலில் நிற்க முடியாதவர்களுக்கு, “ஒரு விரல் சுவத்துல இருக்கட்டும், போதும். அது உங்களத் தாங்காது. ஆனா இருக்குன்னு தெரிஞ்சாலே நின்னுடுவீங்க” என்று சொல்லித்தருகிறவள். ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் அந்த ஒரு விரலைக் கொடுத்தவள், அவர் விரல் வைத்திருந்த இடத்தையெல்லாம் வழித்துத் துடைத்து வெள்ளையடித்துவிட்டாள். தன் முதுகு தனக்குத் தெரிவதில்லை.

அது தெரிந்த காலை ஒன்று வந்தது. வகுப்பின் கடைசிப் பகுதி. பாய்களில் எல்லோரும் கண்ணை மூடி மல்லாந்து கிடந்தார்கள். “பாதம் தளரட்டும்... முழங்கால் தளரட்டும்...” என்று அவள் மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் படுக்கையறையிலிருந்து வெளியே வந்தார். குளியலறைப் பக்கத்துச் சுவரைத் தடவ ஆரம்பித்தார். கதவு அவர் கைக்கு அடியில்தான் இருந்தது. ஆனால் அழுத்த வேண்டிய ஓரத்தை விட்டுவிட்டு மறு ஓரத்தை அழுத்திக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் என்று அவள் நாக்கு நுனி வரை வந்தது. வகுப்பின் அமைதி கெடுமே என்று ஒரு கணம் பேசாமல் இருந்தாள். அவரே கண்டுபிடித்துவிடுவார் என்றும் நினைத்தாள். அவர் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டார். பிறகு, தரையில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

அவள் ஓடினாள். அவர் திரும்பி, பாய்களில் கிடந்தவர்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“மன்னிச்சிடுங்க. வந்த எடத்துல இப்பிடி ஆயிடுச்சு. ஒரு துணி குடுத்தீங்கன்னா நானே தொடச்சிடுவேன்.”

அன்று பாயில் கிடந்தவர்கள் நல்லவர்கள். ஒருவர் கூடக் கண்ணைத் திறக்கவில்லை. தூங்குகிறவர்கள் மாதிரி அப்படியே கிடந்தார்கள். அவள் அவரைக் குளிப்பாட்டி, வேட்டி மாற்றி, தரையைத் துடைத்து முடித்தபோதும் கிடந்தார்கள். சிலருடைய கண்ணோரத்திலிருந்து காதுப் பக்கமாக நீர் இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவராக எழுந்து, பாயைச் சுருட்டிக்கொண்டு, ஓசையில்லாமல் போனார்கள்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். தினமும் சூரிய நமஸ்காரம் சொல்லிக்கொடுக்கிறவளுக்கே அந்தக் கதி வந்தது. தச்சரைக் கூப்பிட்டு எல்லாக் கதவுக்கும் கைப்பிடி போடச் சொன்னாள். “போட்டா உங்க பேரு கெட்டுடுமே டீச்சர்” என்றார் தச்சர். “கெடட்டும்” என்றாள். குளியலறைக் கதவுக்கு நீலம் அடித்தாள். பழைய சாமான்காரனைத் தேடிப் போனாள். பீரோவை யாரோ வாங்கிப் போய்விட்டார்கள், நாற்காலியை உடைத்து அடுப்பில் வைத்துவிட்டார்கள், பித்தளை உருக்கப் போய்விட்டது. அதே மாதிரி ஒரு பிரம்பு நாற்காலி வாங்கி, அதில் தானே நாள் முழுக்க உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளமாக்கப் பார்த்தாள். பைத்தியக்காரத்தனம்தான். வேறென்ன செய்வாள்? பிஸ்கட் டப்பாவில் புதிய ஸ்பிரிங்குகளைப் போட்டு அவர் கையில் கொடுத்தாள். அவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “பத்திரமா வெச்சுக்குங்க, யாரோடதோ” என்று திருப்பிக் கொடுத்தார்.

எங்கெங்கோ அலைந்து ஒரு லிஃப்ட் பொத்தானும் கண்டுபிடித்தாள். அதே இடத்தில் பதித்தாள். அவர் கையைப் பிடித்து அதன்மேல் வைத்து அழுத்த, விளக்கு எரிந்தது.

“எத்தனாவது மாடி?” என்று கேட்டாள்.

அவர் சங்கடமாகச் சிரித்தார். “தெரியலீங்களே. நான் இந்த பில்டிங்குக்குப் புதுசு.”

அடுத்த வாரம், அவள் பால் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அவர் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். கைப்பிடி போட்டதால் வந்த ஒரே பலன், வாசல் கதவு அவருக்குச் சுலபமாகத் திறந்ததுதான். தெருத்தெருவாக ஓடினாள். மருந்துக் கடை, பஸ் நிறுத்தம், பள்ளிக்கூடத்து வாசல். அக்காவிடமிருந்து போன் வந்தது.

“இங்கதான் இருக்கான். பதறாத. சாப்பிட்டுட்டிருக்கான்.”

சொந்த வீட்டில் குளியலறை தெரியாத மனுஷன், கடைத்தெருவின் அத்தனை நெரிசலையும் தாண்டித் தானாகப் போயிருக்கிறார். வேலையில் சேர்ந்த காலத்தில், கல்யாணத்துக்கு முன்னால், அவர் அக்காவோடு இருந்த வீடு அது. அவள் மூச்சிரைக்கப் படியேறிப் போய்ப் பார்த்தாள். அந்த வீட்டில் கால் வைக்க இடம் இல்லை. மூட்டை மேல் மூட்டை, தையல் மிஷின் மேல் துணி, துணி மேல் காலண்டர், நாலு கடிகாரம், நாலும் நாலு நேரம். யாராவது கூப்பிட்டிருந்தால் அவள் ஒரு வாரத்தில் காலி செய்திருக்கக்கூடிய வீடு. அவர் அதற்குள் உட்கார்ந்து, பார்க்காமலே பின்னால் கையை நீட்டித் தண்ணீர்ச் செம்பை எடுத்துக் குடித்தார். எழுந்து, மிஷினில் ஒரு கை, கட்டில் காலில் ஒரு கை வைத்துத் திரும்பி, நேராகக் குளியலறைக்குப் போய்வந்தார்.

“வந்தவன் செருப்பக் கழட்டித் தானா கட்டிலுக்கு அடியில தள்ளிட்டான். அப்பல்லாம் அங்கதான் வெப்பான்” என்றாள் அக்கா. பிறகு அவள் முகத்தைப் பார்த்து, “இங்கயே இருக்கட்டும்மா. நீயும் வந்துடு. எடம் பண்ணிக்கலாம்” என்றாள்.

போனாள். அவளும் ஒரு பையில் நாலு துணியோடு போய், இரண்டு மூட்டைக்கு நடுவில் பாய் போட்டுப் படுத்தாள். அவருக்குத்தான் பொறுக்கவில்லை. “அக்கா, அந்தம்மா ஏன் இங்க படுத்திருக்காங்க? பாக்கறவங்க தப்பா நெனைக்க மாட்டாங்களா?” என்று அக்காவைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்.

அக்காவுக்கு ஆற்றாமை. “டேய், அது உன் பொண்டாட்டிடா” என்று சொல்லிவிட்டாள்.

அவர் அவளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கண்டுபிடித்துவிட வேண்டும் என்று அவர் படுகிற பாடு முகத்தில் தெரிந்தது. “அப்பிடின்னா... நான் இவங்கள விட்டுட்டு வந்துட்டனா? நான் அப்பிடிப்பட்டவனா அக்கா?” என்று தேம்பினார். குழந்தை மாதிரி இல்லை. தப்புச் செய்துவிட்ட பெரிய மனுஷர் மாதிரியே அழுதார்.

அவள் அவர் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

“இல்லீங்க. அண்ணி வெளையாட்டுக்குச் சொல்றாங்க. நான் யோகா டீச்சர். உங்களுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் குடுக்க வந்தேன்.”

அவர் முகம் தெளிந்தது. அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். தன் வாயாலேயே தன்னை அவருடைய மனைவி இல்லையென்று சொல்லிவிட்ட பிறகு, அங்கே படுக்க அவளுக்கு உரிமை இல்லை. பையை எடுத்துக்கொண்டு அன்றே திரும்பினாள்.

அதிலிருந்து சாயங்காலம் தோறும் போகிறாள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே தோளைச் சுற்றுவது, மூச்சை இழுத்து மெல்ல விடுவது. மனைவி சொல்லி ஒரு நாளும் வகுப்புப் பக்கம் எட்டிப் பார்க்காதவர், டீச்சர் சொன்னால் ஒரு சொல் தட்டுவதில்லை. நல்ல மாணவர். மூச்சு விடும்போது அவர் தோள் தாழ்வதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். தொட்டுத் திருத்த வேண்டிய இடம் வந்தால் கேட்டுவிட்டுத்தான் தொடுவாள். அந்த வீட்டில் எதையும் இடம் மாற்றுவதில்லை. ஒரு தடவை தரையில் கிடந்த நூல்கண்டை எடுத்து மேசைமேல் வைத்தவள், பயந்துபோய் மறுபடி தரையிலேயே வைத்தாள்.

காலையில் வகுப்பு நடக்கிறது. ஒழிச்சல் வேலைக்கு யாராவது கூப்பிட்டால் உடம்பு சரியில்லை என்கிறாள். வெள்ளை வீட்டில் அவள் ஒருத்திக்கு இடம் அதிகமாக இருக்கிறது.

நேற்று மழை மேகம். பயிற்சி முடிந்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. அக்கா கொடுத்த காபியை வேண்டுமென்றே ஆறவிட்டு, ஒரு வாய் ஒரு வாயாகக் குடித்துக்கொண்டிருந்தாள். அவர் ஜன்னலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இருட்டிக்கிட்டு வருதே டீச்சர். உங்க வீட்டுக்காரர் தேட மாட்டாரா?”

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். “தேடுவாரு.”

“அப்ப கெளம்புங்க. பாவம், காத்துக்கிட்டிருப்பாரு.” அவர் எழுந்து, மிஷினில் ஒரு கை வைத்துத் திரும்பி, படிக்கட்டு விளக்கைப் போட்டார். “தெனம் எனக்காக இவ்வளவு தூரம் வர்றீங்க. அவருக்கு மனசு பெரிசு. நான் ரொம்ப விசாரிச்சேன்னு சொல்லுங்க.”

“சொல்றேங்க” என்று சொல்லிவிட்டு அவள் படி இறங்கினாள்.